யாருடைய மூடநம்பிக்கை?

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் வீதியில் அக்கினிச் சட்டி ஏந்தி வரும் பெண்களில், பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்து புருஷனைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி நோக்கி நடப்பவர்களிலும் இருக்கிறார்கள். வெந்து செத்தவனின் மனைவி தன் கையாலேயே நெருப்பைத் தூக்குகிறாள். அதைப் பார்த்து நம் பகுத்தறிவாளர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நானும் கடவுள் இல்லை என்பவன்தான். 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய ஊர் விருதுநகர். அந்த மரபைச் சொல்லிக்கொள்ளும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இந்த மாவட்டத்தில் உயிரைக் குடிக்கும் மூடநம்பிக்கை அவள் கையிலிருக்கும் சட்டியிலா இருக்கிறது?

இழவு வீட்டு வாசலுக்குப் போய்ப் பாருங்கள். "என்னம்மா செய்றது, விதி முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போகும் பெரிய மனிதரிடம் இருக்கிறது அது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். காப்பாற்றலாம் என்று ஓடிப்போன ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் நடந்த வெடிப்பில் 20 பேருக்கு மேல். வெடிமருந்து கலக்கும்போது உராய்வு, வெயில் ஏறிய பிறகும் நிற்காத வேலை, அறையில் இருக்க வேண்டிய நான்கு பேருக்கு மேல் ஆள், மரத்தடியில் பரப்பிய பேன்சி ரகப் பட்டாசு, ஒருவர் பேரில் லைசென்ஸ் வாங்கி அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது என்று ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் பேசப்படுகிற காரணங்கள் சிவகாசியில் குழந்தைக்கும் தெரியும். காரணம் தெரிந்த சாவை விதி என்பதைவிடப் பெரிய அறியாமை என்ன இருக்கிறது? சொல்பவர் படித்தவர், காரில் வந்து இறங்கியவர் என்பதால் அதை நாம் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வீட்டில் விதிக்கு அடங்காத குரல் ஒன்று உண்டு. ஒப்பாரி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழும்போது, செத்தவன் வாங்கிய அட்வான்ஸும் கட்டி முடிக்காத வீடும் வேலைக்குக் கூட்டிப்போனவன் பெயரும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. சபையில் பேச விடாத பெண் அங்கே நியாயம் கேட்கிறாள், ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை அநாகரிகம் என்று நாம் கேலி செய்தோம். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவுமில்லை.

நாம் கேலி செய்யும் இடங்களிலும் மனம் ஆறுகிறது என்பதற்குச் சான்று உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே மருந்து இல்லை. தனிப்பட்ட பரிகாரச் சடங்கும் இல்லை. கூட ஒரு உறவினர், தினமும் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலை, விரட்டாத ஒரு கூரை. சராசரி ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே கோயிலே போதும் என்று யாரும் இதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆனாலும் சாமியைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது மனிதர்கள். பகுத்தறிவாளன் மகிழ வேண்டிய செய்தி அல்லவா இது?

இதை முன்பே கண்டுகொண்ட மருத்துவர் ஒருவர் ஆப்பிரிக்காவில் இருந்தார். நைஜீரியாவின் அபியோகுட்டா பக்கம் ஆரோ என்ற ஊரில், 1950களில், தாமஸ் லாம்போ தம் நோயாளிகளைக் கம்பிக்குப் பின்னால் அடைக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவரோடு பக்கத்துக் கிராமத்து வீடுகளில் தங்கவைத்தார். நவீன மருந்தும் கொடுத்தார், நாட்டு வைத்தியர்களையும் கூட வைத்துக்கொண்டார். பின்னாளில் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். தன் மக்களின் வழக்கத்தை மதித்ததால் அவருடைய விஞ்ஞானம் குறைந்துபோகவில்லை.

மதிப்பதற்கும் எல்லை உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். செத்தவர்கள் 28 பேர். சங்கிலி, சாட்டை, பேயோட்டுகிறேன் என்று அடிப்பது, இவற்றுக்கு மரபு என்ற பெயரில் ஒரு நாள் தயவும் காட்டக்கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இது. விபத்து நடந்த ஊருக்கு நிவாரணக் காசோலையோடு மாவட்ட மனநலத் திட்டத்து ஆட்களும் வர வேண்டும்; ஒருநாள் வந்து எழுதிக்கொண்டு போகாமல் ஓர் ஆண்டாவது வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாமல், பெண்கள் கூடுகிற இடத்துக்கு அவர்கள் போகட்டும். ராத்திரி தூக்கமில்லாமல், வெடிச் சத்தம் கேட்டால் உடல் உதறுகிறவளுக்கு அது நோய்தான், மருந்தும் உண்டு என்று அவள் பேச்சிலேயே சொல்லட்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம் என்பது பயர் ஆபீஸ் வாசலில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இதற்கான செலவு லைசென்ஸ் வைத்திருப்பவர் தலையில் விழட்டும். தோழர்களே, அவள் சட்டியை இறக்கி வைக்கச் சொல்லும் உரிமை, இவ்வளவையும் கேட்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் நமக்கு வரும்.