நான்கு முழ நோக்கு



திருக்குறளின் முதல் அதிகாரத்தை இளமையிலேயே மனத்தில் பதித்தவர்கள் நாம். அதிலுள்ள பத்துக் குறட்பாக்களுள் ஏழில் இறைவனின் திருவடியே பேசப்படுகிறது. அவற்றுள் ஒன்று மலர்மேல் நடந்தவனைப் போற்றுகிறது. கேவல ஞானம் எய்திய பகவான் எழுந்தருளுங்கால் தேவர்கள் தாமரை மலர்களை அமைப்பர் என்று ஆகமம் கூறுதலின், அக்குறளுக்கு அருகனையே பொருளாகக் கொள்வது நம் மரபு. திருமுகத்தையோ திருக்கரத்தையோ பாடாமல் திருவடியை இத்துணைச் சிறப்பித்தது ஏன்? நம் அறம் நடந்தே பரவிய அறம் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது. பத்திரபாகு முனிவரின் சங்கம் வடநாட்டிலிருந்து நடந்தே தென்னாடு புகுந்தது என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. இன்றும் நம் முனிவர்களும் ஆர்யிகைகளும் வாகனம் ஏறுவதில்லை. உயிர்கள் பல்கிப் பெருகும் மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் நோற்கின்றனர்.

அவர்கள் நடப்பதற்கும் இலக்கணம் உண்டு. ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. பகலொளியில், முன்னரே பலர் நடந்து பழகிய வழியில், தக்க காரணம் பற்றி, நான்கு முழ தூரம் முன்னே நோக்கி, விரையாமல் அடியெடுத்து வைத்தல் என்பது அதன் சுருக்கம். காலடியில் வரும் உயிரைக் கண்டு விலகுவதற்குப் போதிய தொலைவு அந்த நான்கு முழம்.

இது துறவியர்க்கு உரியது, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சிலப்பதிகாரத்தை நினைவு கொள்வோம். கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தபோது உடன் சென்றவர் கவுந்தியடிகள். வழியின் இடர்களை அவர் எடுத்துரைக்கும் இடம் நாடுகாண் காதையில் உள்ளது. அங்கே தமக்கு நேரும் துன்பத்தை மட்டுமா அவர் சொல்கிறார்? களைப்பினால் கீழே பாராது நடந்தால், வழியில் கிடக்கும் பூக்களில் தங்கிய வண்டுகளை மிதிக்க நேரும். கரையோரம் சென்றால் நண்டும் நத்தையும் காலில் பட்டு வருந்தும் என்றும் எச்சரிக்கிறார். இவ்வறிவுரையைக் கேட்டவர்கள் முனிவர்கள் அல்லர், இல்லறத்தார் இருவர். ஆதலின் நான்கு முழ நோக்கு நமக்கும் உரியதே.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களை விட்டு நம் குடும்பங்கள் பல அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் குடியேறின. அங்கே வயல் வரப்பில் நடந்த கால்கள் இங்கே தெருக்களில் நடந்தன. யாம் ஆசிரியப் பணி ஆற்றிய ஆண்டுகளிலெல்லாம் திருமுல்லைவாயிலில் இருந்த வீட்டிற்கும் பள்ளிக்கும் நடந்தே சென்று வந்தோம். சித்திரையில் புங்க மரங்கள் உதிர்க்கும் பூக்கள், பக்கத்து வீட்டு முருங்கை, தொலைவில் ரயில் ஓசை, அரிசிமாக் கோலத்தை மொய்க்கும் எறும்புகள் என இவை யாவும் காசின்றிக் கிடைத்த இன்பங்கள். ஐப்பசி மழை பெய்துவிட்டால் நத்தையும் மரவட்டையும் தெருவுக்கு வந்துவிடும். உடன் வரும் பிள்ளைகள் குனிந்து பார்த்து விலகி நடப்பர். கருணையைக் கற்பிக்க அன்று எமக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கத்திற்கும் அந்நடை இசைந்து வந்தது.

இனிச் சொல்லப்போவது எம் குறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் யாம் வழுக்கி விழுந்தோம். எலும்பு முறியவில்லை, ஆனால் அச்சம் தங்கிவிட்டது. அதன்பின் இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்கும் பேரனின் ஸ்கூட்டரிலேயே போகலானோம். அவ்வழியில் நம் சமூகத்து மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். யாம் நடந்து சென்ற நாள்களில் திண்ணையிலிருந்து எம்மை அழைத்து நான்கு வார்த்தை பேசாமல் விடமாட்டார். வண்டியில் செல்லத் தொடங்கிய பின் கையை மட்டும் அசைத்துச் சென்றோம். ஒரு வாரம் திண்ணை வெறுமையாக இருந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று எண்ணி மூன்று நாள்கள் கடந்து போனோம். மூன்றாம் நாள் மாலையில், கூடையுடன் வீடு வீடாக நடந்து கீரை விற்கும் அம்மாள்தான் கதவைத் தட்டி, காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தவரைக் கண்டார்.

மருத்துவமனையில் யாம் சென்று பார்த்தபோது அவர் சிறிதும் கடிந்துகொள்ளவில்லை. "உங்க வண்டிச் சத்தம் தினமும் கேட்டுச்சு, டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார்.

அச்சொல் எம்மை விட்டு இன்னும் அகலவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முதலில் வைக்கிறது. எறும்புக்கு விலகி நடக்கக் கற்பித்த யாம், ஒரு மனித உயிரைப் பாராமல் மூன்று நாள்கள் கடந்திருக்கிறோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் வாத்சல்யமும் ஒன்று. தன் அறத்தாரிடம், கன்றிடம் பசு கொள்ளும் அன்பைப் போன்ற அன்பு கொள்ளுதலே அது. கண்ணில் படாதவரிடம் அன்பு செலுத்துவது எவ்வாறு? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தனர். நடையும் அவ்வாறே நம்மை அழைத்துச் செல்கிறது. காலடி எறும்பைக் காணப் பழகிய கண், மூடிய கதவையும் காணும்.

அந்தப் பாட்டியார் நலம்பெற்று மீண்டார். யாமும் கைத்தடியுடன் மறுபடி நடக்கத் தொடங்கினோம். முதல் வாரம் அச்சம் காலைப் பின்னுக்கு இழுத்தது. நான்கு முழம் முன்னே பார்த்து நடந்தபோது, உயிர்களைக் காக்கும் அந்நோக்கே எம்மையும் விழாமல் காத்தது.

எல்லோரும் எங்கும் நடக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எம்.டி.எச். சாலையின் நெரிசலும், நடைபாதை இல்லாத இடங்களின் இடரும் யாம் அறிந்தவையே. புழல் ஆதிநாதர் ஆலயத்திற்கு வண்டியில் செல்வது குற்றமாகாது. முழங்கால் வலியால் வருந்துவோர்க்கும் இதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் இல்லறத்தார்க்குத் தேச விரதம் என்ற ஒன்றை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். இன்ன காலம் வரை இந்த எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று தாமே வரையறுத்துக் கொள்வது அது. அதனோடு ஒரு சிறு நியமத்தையும் சேர்த்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாளேனும் நம் தெருவும் அடுத்த தெருக்களுமே எல்லை. அந்த எல்லைக்குள் வண்டி இல்லை. பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றி நடப்போம். நம்மவர் எவர் வீட்டுத் திண்ணை வெறுமையாக இருக்கிறதோ, அங்கே நின்று கதவைத் தட்டுவோம்.

அருகப் பெருமான் திருவடி போற்றி! உயிர்கள் அனைத்தும் இன்புறுக!