தலையணையும் சிவப்பு நோட்டும்

ஏலகிரிக்குப் போவது என்று முடிவான அன்றே நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பட்டியல் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்கின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெட்டி எத்தனை, ஒவ்வொன்றிலும் என்ன, நெட் வெயிட் எவ்வளவு, கிராஸ் வெயிட் எவ்வளவு. நெட் என்பது சரக்கின் எடை. அதைச் சுற்றியிருக்கும் அட்டை, மரச்சட்டம், தெர்மாகோல் எல்லாம் சேர்ந்தால் கிராஸ். பட்டியலில் இல்லாத பொருள் பெட்டிக்குள் இருந்தால் வம்பு. பட்டியலில் இருப்பது பெட்டிக்குள் இல்லாவிட்டாலும் வம்பு.

கூடாரத்தில் தூங்கிப் பழக்கப்பட்டவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. பையன் யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு வருடமாக நச்சரித்ததால் பொங்கல் விடுமுறைக்கு இரண்டு இரவு போவதாக ஏற்பாடு. கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். புதிதாகப் போகிறவர்களுக்கான பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூதாதை ஒன்று உண்டு. சியாட்டிலில் உள்ள ‘தி மவுன்டனியர்ஸ்’ என்ற மலையேறும் சங்கம் 1930களில் உருவாக்கிய பத்துப் பொருள் பட்டியல். வரைபடம், திசைகாட்டி, கூலிங்கிளாஸ், மாற்று உடை, டார்ச், முதலுதவிப் பெட்டி, தீ மூட்டும் பொருள், தீப்பெட்டி, கத்தி, கூடுதல் உணவு. அதில் தலையணை கிடையாது. மாற்று உடையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

அத்தைக்குத் தலையணை வேண்டும். வீட்டில் அவர் முப்பது வருடமாக வைத்துத் தூங்கும் இலவம்பஞ்சுத் தலையணை. அதன் கனம் எனக்குத் தெரியும், ஒவ்வொரு தை மாதமும் மாடியில் காயப்போடுகிறவள் நான்தான்.

“அத்த, அதுக்கு ஒரு தனிப் பையே வேணும். ரெண்டு நாள்தான?”

“ஏம்மா, வூடு இருக்கச் சொல்லோ காசு குடுத்து தரையில படுக்கப் போறோம். சரி, புள்ளைங்க ஆசை. தலகாணிகூட இல்லாமயா?”

நான் பதில் சொல்லவில்லை. பட்டியலில் அதைச் சேர்க்கவும் இல்லை.

‘கேம்பிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பையன் கேட்டான். முகாம் என்றேன். சொன்ன பிறகு நாக்கில் ஏதோ உறுத்தியது. அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல் அது. நிற்கும் இடம், தங்கும் இடம் என்று பொருள். அரசு அலுவலகங்களில் ‘ஐயா முகாம் போயிருக்கார்’ என்றால் சுற்றுப்பயணம். கும்மிடிப்பூண்டியில் முகாம் என்றால் இலங்கைத் தமிழர்கள் தலைமுறைகளாக வசிக்கும் இடம். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. மணலி புதுநகரில் முகாம் என்றால் ஒரே பொருள்தான். தண்ணீர் வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு.

எங்கள் ஊர் தானாக முளைத்த ஊர் இல்லை. சென்னையின் நெரிசலைக் குறைக்க மறைமலை நகர், மணலி, கும்மிடிப்பூண்டி என்று அந்தக் காலத்து எம்.எம்.டி.ஏ. திட்டமிட்ட மூன்று புதுநகரங்களில் ஒன்று. நேர்கோட்டுத் தெருக்கள், மனைகளுக்கு எண்கள். பக்கத்தில் கொசஸ்தலையாறு ஓடுவதும் திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். 2015இல் தண்ணீர் வந்தது. 2021இல் பூண்டி ஏரியைத் திறந்தபோது வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. அந்த முறை எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, கட்டிய துணியோடு ஓடினார்கள் ஜனங்கள். அவர்களுக்குப் பட்டியல் போட நேரமே இல்லை.

எங்களுக்கு இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2015க்குப் பிறகு அத்தை பரண் மேல் ஒரு பை வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்தால் பை இறங்கிவிடும். உள்ளே பிளாஸ்டிக் கவர் சுற்றிய வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சர்க்கரை மாத்திரை, மெழுகுவத்தி, ஒரு டப்பா பொட்டுக்கடலை, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று. டிசம்பர் 4ஆம் தேதி இடுப்பளவு தண்ணீரில் ஃபைபர் படகு வந்து தெருமுனையில் நின்றது. ஆளுக்கு ஒரு பை, அதுவும் சின்னதாக, என்று படகிலிருந்து கத்தினார்கள். அத்தையை முதலில் ஏற்றினோம். அவருடைய பையை நான் எடுத்துக்கொண்டேன். அலுவலக லேப்டாப்பும் அதன் சார்ஜரும் என் கையில் இருந்தன. பையைத் திறந்தேன், நோட்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன், சார்ஜரை உள்ளே திணித்தேன். பழைய நோட்டு, போனால் போகிறது என்று நினைத்ததுகூட இல்லை. கை தானாகச் செய்தது. பட்டியல் போட்டுப் பழகிய கை.

அது அத்தையின் சீட்டு நோட்டு. தெருவில் இருபது பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க் குலுக்கல் சீட்டு. யாரும் மொத்தமாகத் தர மாட்டார்கள். மீன் விற்கிற அக்கா நூறு நூறாகத் தருவார். கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங் போகிறவர்கள் சம்பளத்தன்று முந்நூறு, அப்புறம் இருநூறு. எல்லாம் அந்த நோட்டில்தான். பணம் அத்தையின் இடுப்புச் சுருக்குப்பையில் பத்திரமாக வந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது மட்டும் கட்டிலோடு தண்ணீருக்குள் போனது.

“செவப்பு நோட்டு எங்கம்மா?” என்று முகாமில் கேட்டார்.

“தண்ணில போயிருக்கும் அத்த” என்றேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அத்தை ஒவ்வொரு வீடாகப் போய், நீ எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். அவர்கள் சொன்னதைக் கூட்டினால் கையில் இருந்ததைவிட இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் அதிகம். யார் கூட்டிச் சொன்னார்கள், யார் மறந்தார்கள் என்று அவர் தேடவில்லை. “தேடுனா சீட்டு ஒடைஞ்சிடும்” என்றார். ரேஷன் கடையில் வாங்கிய ஆறாயிரம் ரூபாய் நிவாரணத்திலிருந்து ஈடுகட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தேவை என்பது என்ன? பசி, தாகம், குளிர் என்று உடலை வைத்துச் சொல்லலாம். மவுன்டனியர்ஸ் பட்டியல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய ‘நாடுகளின் செல்வம்’ நூலிலேயே அதைத் தாண்டிப் போய்விட்டார். உயிர் வாழ அவசியமானது மட்டும் தேவை இல்லை, அது இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்கக் கூச வேண்டியிருக்கும் என்றால் அதுவும் தேவைதான் என்கிறார். அவர் காட்டும் உதாரணம் லினன் சட்டை. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமல் சுகமாகவே வாழ்ந்தார்கள். ஆனால் ஸ்மித் காலத்துக் கூலியாளுக்கு அது இல்லாமல் வெளியே வர முடியாது. இந்த இடத்தைப் பின்னாளில் அமர்த்தியா சென் பிடித்துக்கொண்டு வறுமை பற்றி நிறைய எழுதினார். அத்தையின் சிவப்பு நோட்டு அந்த லினன் சட்டைதான். அது இருந்தால்தான் அவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியும். வெளியிலிருந்து பார்க்கிறவளுக்கு அது பழைய நோட்டு.

இதற்கு நேரெதிரான குரல் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருவொற்றியூரில் கடற்கரை ஓரம் பட்டினத்தார் சமாதி. கப்பல் வணிகர் அவர். வளர்ப்பு மகன் மருதவாணன் கப்பல் நிறைய வறட்டி ஏற்றிக்கொண்டு வந்தான் என்பது கதை. எங்கள் அலுவலகத்தில் அந்த பேக்கிங் லிஸ்ட் வந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்போம் என்று நான் யோசித்ததுண்டு. கடைசியில் அவன் விட்டுப்போன பெட்டியில் காதொடிந்த ஓர் ஊசி. அதைப் பார்த்து அத்தனையையும் விட்டார். பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அவர் விட்டது அவருடைய ஊசியை. நான் விட்டது அத்தையின் நோட்டை. அடுத்தவர் பொருளைத் துறப்பதற்கு ஞானம் எதுவும் தேவைப்படுவதில்லை.

பட்டினத்தார் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள். வயல் வரப்பில் தலைவைத்துப் படுத்திருந்தார். அந்த வழியாகப் போன இரண்டு பெண்களில் ஒருத்தி, சாமியாருக்கு இன்னும் தலைக்கு உயரம் கேட்கிறது பார் என்றாளாம். அவர் தலையை வரப்பிலிருந்து இறக்கி வைத்தார். திரும்பி வரும்போது அதைப் பார்த்த மற்றவள், ஊர் பேசுவதை இன்னும் காதில் வாங்குகிறாரே என்றாளாம். இந்தக் கதையை எல்லோரும் பட்டினத்தாருக்குக் கிடைத்த பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த முதல் பெண் மேல்தான் கண். படுத்திருக்கிறவரின் கழுத்துவலி அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் படகில் இடம் கொஞ்சம்தான். யாராவது முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். ஆளுக்கு ஒரு பை என்று சொன்ன படகுக்காரர் தப்பு செய்யவில்லை. நிவாரணப் பொட்டலம் கட்டுகிறவர்கள் ஆயிரம் வீட்டுக்கும் போய் என்ன வேண்டும் என்று விசாரிக்க முடியாது. 2015இல் வந்து குவிந்த பழந்துணிகள் யாரும் சீண்டாமல் தெருவோரம் கிடந்ததை நாங்கள் பார்த்தோம். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அதனால் அடுத்தவர் தேவையை நாம் முடிவு செய்யவே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளை பெற்ற எவளாலும் சொல்ல முடியாது. என் கணக்கு அதைவிடச் சின்னது. அத்தை இருபதடி தூரத்தில் படகில் உட்கார்ந்திருந்தார். ‘அத்த, இந்த நோட்டு வேணுமா?’ என்று கத்த எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

கிளம்புவதற்கு முந்தின நாள் தலையணையைப் பட்டியலில் சேர்த்தேன். அதற்காக என் இரண்டாவது ஸ்வெட்டரும் பையனின் கேரம் போர்டும் வெளியே போயின. கேரம் போர்டை அவனைக் கேட்டுத்தான் எடுத்தேன். கேட்டதற்கு அரைமணி நேரம் அழுதான்.

ஜோலார்பேட்டையில் இறங்கி வேன் பிடித்தோம். மலை அடிவாரத்தில் பொன்னேரி என்று ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அத்தை, “நம்மூரு பக்கத்துலயே நிக்குது வண்டி” என்றார். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவு வந்தபோது பெண் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைத் தம்பிக்குச் சொன்னாள். “கொடிக்கு ஒரு குச்சி போதுமே, எதுக்குத் தேரு?” என்றான் அவன். வேனில் எல்லோரும் சிரித்தோம்.

முதல்முறை போகிறவர்களுக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். குளிர் மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. போர்வை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, அடியில் விரிக்க தடிமனான விரிப்பு வேண்டும். எங்களிடம் மெல்லிய பாய்தான் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெண் நடுவில் சுருண்டு கிடந்தாள். அத்தையும் விழித்திருந்தார்.

“அத்த. அந்த செவப்பு நோட்ட நான்தான் வெளிய எடுத்து வச்சேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“பையில வச்ச நோட்டு கட்டிலுக்கு அடியில ஊறிக் கெடந்துச்சு. அதுவா எந்திரிச்சுப் போவும்?”

கொஞ்ச நேரம் கழித்து, “கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?” என்றேன்.

“நோட்ட ஏன் தூக்கணும்? அந்த மாசத்துப் பக்கம் ஒண்ணுதான. கிழிச்சுக் குடுன்னு சொல்லியிருப்பேன். ரவிக்கையில சொருவினு போயிருப்பேன்.” தலையணையைப் புரட்டி, சில்லென்று இல்லாத பக்கத்தை மேலே வைத்துப் படுத்தார். “டார்ச்ச அணை. பூச்சி வருது.”