துயருற்ற மாணாக்கரும் சைவாசிரியர் கடனும்

சைவாசிரியர்காள்!

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைப் பாழாக்கிற்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. அந்நாட்களிற் பெற்றாரை இழந்த சிறார் பலர் இன்று தாமே பெற்றாராயினர். எனினும், விபத்தாலும் நோயாலும் பிறவாற்றாலுந் திடீரென உறவிழந்த பிள்ளைகள் வன்னிப் பாடசாலைகளில் இன்றும் உளர்.

அவர்க்கு நாம் செய்யற்பாலது யாது? பெரியபுராணத்தில் மருணீக்கியார் சரித்திரத்தை நோக்குவோமாக. தந்தையாரும் தாயாரும் இறந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பியார் அழுதிரந்தமையால் அவர்பொருட்டு உயிர் தாங்கினார். எல்லாரையும் இழந்த அப்பிள்ளைக்கு நிலையாய் உடனிருந்தவர் ஒருவர் உளரானார். அவரே பின்னர்த் திருநாவுக்கரசு நாயனாராயினார்.

ஆதலால், துயருற்ற பிள்ளைக்கு, "இஃது உன் வினைப்பயன்" என்று ஒருபோதுங் கூறற்க. கன்மநெறி நம்மை நாமே திருத்துதற்குரியது. பிறர் துயரை அளக்குங் கோலன்று. வகுப்பின்முன் விசாரியாது தனியே அழைத்து, பேசினாற் கேட்க; பேசாவிடின் உடனிருக்க. மரணத்தைத் தூரப்பயணமென்று மறைக்கற்க. பாடமும் விளையாட்டும் வழமைபோல் நடைபெறுக. வாரங்கள் பல சென்றும் உறக்கமின்மையும் ஓசைக்கு நடுங்கலும் நீங்காவிடின், உளநல வைத்தியரிடஞ் சேர்ப்பிக்க. இறக்க விரும்புவதாகப் பிள்ளை சொல்லின், ஒருநாளுந் தாழ்க்கற்க.

குருபூசை நாளில் அப்பரைப் போற்றும் நாம், திலகவதியார் செய்த தொண்டை நம் வகுப்பிலே செய்யக் கடவோம்.