எறும்பும் மழலையும்

முற்றத்தில் ஓடி விளையாடும் மழலையின் காலடியில் சிற்றுயிர்கள் மடியுமே. வகுப்பறையுள் இருத்துவதன்றோ கொல்லாமை என அறவோர் சிலர் ஐயுறலாம்.

இராஜா அண்ணாமலைபுரத்தில் 2011இல் திறக்கப்பெற்ற பூங்கா, தொல்காப்பியத்தின் பெயர் தாங்கியது. அந்நூல் எறும்பை மூவறிவுயிர் என வகுக்கின்றது. நம் தத்துவார்த்த சூத்திரமும் அவ்வாறே. ஆயினும் எறும்பையே கண்டறியாத குழந்தைக்கு இவ்வகைப்பாடு வெறும் மனப்பாடமே.

ஆற்றுக்கு அப்பால், அடையாறு பிரம்மஞான சபை வளாகத்திற்கு 1939இல் வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். செடிக்கு நீர் வார்த்தலும் பிராணிகளைப் பேணுதலும் குழந்தைக் கல்வியின் கூறுகளே என்பது அவர்தம் கொள்கை. பேணிய கை பிறவுயிரைத் துன்புறுத்தத் தயங்கும்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதம், இயங்கும் உயிரை வேண்டுமென்றே கொல்லுதலை விலக்குகின்றது, நடத்தலை விலக்கவில்லை. துறவியர்க்குரிய ஈரியா சமிதியும் நடவாமை அன்று; நிலம் நோக்கி நடத்தலே.

குழந்தை அதனைக் கற்குமுன் சிலவுயிர் மடியக்கூடும். அவ்விழப்பு சிறிதென்று தள்ளத்தக்கதன்று. ஆதலின் விளையாட்டுவேளை ஆசிரியைக்கு ஓய்வுவேளை ஆகாது. எனினும் அடைத்து வைத்த குழந்தையின் கால் தீங்கு செய்யாதிருப்பது அருளன்று, வாய்ப்பின்மையே. எறும்புச் சாரையைக் கண்டு மழலை நிற்குமாயின் கைபற்றி இழுக்காதீர். உடன் அமர்ந்து நோக்குவீர்.