கரண்ட் போன ராத்திரியில் எந்தப் பாட்டு வரும்?



தியானப் பகுதி: அப்போஸ்தலர் 16:25

2024 நவம்பர் 30-ந் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி பக்கம் கரையேறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அது போதாதென்று இரண்டு நாள் கழித்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வாரத்தில் ஒரு விசுவாசியின் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். கரண்ட் இல்லை. ஒரே ஒரு மெழுகுவர்த்தி. வெளியே நட்ட பயிர் தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

"ஒரு பாட்டு பாடி ஆரம்பிப்போம்" என்றேன். கீபோர்டு வாசிக்கிற தம்பி என் முகத்தைப் பார்த்தான். வாலிபப் பிள்ளைகள் ஒரு பல்லவியை எடுத்தார்கள், அதோடு நின்றுவிட்டது. சரணமெல்லாம் போனில் இருக்கிறது, போனில் சார்ஜ் இல்லை! அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எனக்கே சரணம் வரவில்லை. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வயதான தாயார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கீர்த்தனையை ஆரம்பித்தார்கள். சரணம் ஒன்று விடாமல் பாடி முடித்தார்கள். அந்த வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

பிரியமானவர்களே, நான் ஒன்றை அறிக்கை செய்ய வேண்டும். பைபிள் காலேஜ் முடித்து வந்த புதிதில் நான்தான், "இதெல்லாம் உயிரில்லாத பாட்டு, இதைப் பாடினால் அபிஷேகம் இறங்காது" என்று சொல்லி, கீர்த்தனைகளைச் சபையில் நிறுத்தினேன். அந்தத் தாயார் அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இத்தனை வருஷம் மனதுக்குள்ளேயே பாடி வைத்திருந்திருக்கிறார்கள்.

பவுலும் சீலாவும் உட்காவலறையில் கிடந்தார்கள். முதுகெல்லாம் அடிபட்ட காயம், கால் தொழுமரத்தில். நடுராத்திரி. சுருளை விரித்துப் படிக்க வெளிச்சம் ஏது? சுரமண்டலம் ஏது? உள்ளே ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வந்தது. சிறு வயது முதல் சங்கீதம் கேட்டு வளர்ந்த யூதர்கள் அவர்கள். அந்தச் சங்கீத புஸ்தகத்தையே பாருங்கள். 90-ம் சங்கீதம் மோசேயின் ஜெபம். 137-ம் சங்கீதம் பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்களுடையது. நடுவே பல நூறு வருஷம். பரிசுத்த ஆவியானவர் இரண்டையும் ஒரே புஸ்தகத்தில் வைத்தார். கொலோசெயர் 3:16-லும் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என்று மூன்றைச் சொல்லுகிறாரே, ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தவில்லையே!

ஆகவே இந்த வருஷம் நம் வீடுகளில் மனப்பாடமாக வேண்டிய சில பாட்டுகளைச் சொல்லுகிறேன்.

அந்தத் தாயார் பாடியது 'இயேசுவையே துதிசெய்' கீர்த்தனை. எழுதியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவரும் தஞ்சாவூர் ராஜா சரபோஜியும் ஸ்வார்ட்ஸ் ஐயரிடத்தில் படித்தவர்கள். ராஜா தம்முடைய தெய்வத்தைப் பாடச் சொன்னபோது, சாஸ்திரியார் இந்தப் பாட்டைப் பதிலாகக் கொண்டுபோனார் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சோறு போடுகிற அரண்மனையில் நின்று அப்படிப் பாட எவ்வளவு தைரியம் வேண்டும்! ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. திருச்சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று மிஷனரிகள் கண்டித்தபோது எதிர்த்து நின்றவரும் இவர்தான். சேரியிலிருந்து இரட்சிக்கப்பட்டு வந்த நம்ம ஜனத்தோடு ஒரு பந்தியில் அவர் உட்கார்ந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அந்தப் பாட்டு இன்றைக்கு நம்ம தாயாருடையது. அதைப் பாட நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அடுத்தது 'சத்தாய் நிஷ்களமாய்'. வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் எடுத்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஐயா எழுதினது. "பாஸ்டர், புரியலையே" என்பீர்கள். சத்து என்றால் என்றைக்கும் இருக்கிறது, நிஷ்களம் என்றால் உருவமில்லாதது. தேவன் ஆவியாயிருக்கிறார் என்று யோவான் 4:24-ல் படிக்கிறோமே, அதுதான். இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துவிட்டால் மற்றது தானாக வரும். இதை மெதுவாகப் பாடுங்கள், டிரம்ஸ் வேண்டாம்.

பாமாலையிலிருந்து 'பாவ சஞ்சலத்தை'. இதைத்தான் அதிகமாய் வற்புறுத்துகிறேன். ஆங்கிலத்தில் எழுதியவர் ஜோசப் ஸ்க்ரிவன் என்ற ஐரிஷ்காரர். கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். அவர் கனடாவுக்குப் போய்விட்டார். 1855-ல், ஊரில் வியாதியாயிருந்த தாயாருக்கு ஆறுதலாக இதை எழுதி அனுப்பினார். அச்சில் போட அல்ல, அம்மாவுக்காக! வில்லியனூர் பக்கத்திலிருந்து வெளிநாடு போய்ப் பிள்ளைகள் வேலை செய்கிற வீட்டாருக்கு இது நன்றாய் விளங்கும். துக்க வீட்டில் பிரசங்கத்தைச் சுருக்கி இதைப் பாடலாம்.

நம்ம பெந்தெகொஸ்தே பாட்டில் சகோதரி சாராள் நவரோஜியின் 'என்னை மறவா இயேசு நாதா'. 2014-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஒரு ஸ்திரீ எழுதி, தானே பாடி, ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்த பாட்டுகள் எத்தனை! கர்த்தர் என்னை மறந்துவிட்டார் என்று சொல்லுகிறவர்கள் இதைப் பாட வேண்டும்.

வாலிபர்கள் கோபிக்க வேண்டாம், புதுப் பாட்டும் உண்டு. கத்தோலிக்க குருவாயிருந்த சகோதரர் பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வார்த்தைகள், சின்னப் பிள்ளையும் ஒரு தரம் கேட்டுப் பாடும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், பக்கத்து வீட்டுக்காரரும் நம்ம ஆத்தும ஆதாயம்தான்!

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மூன்றாவது பாட்டிலிருந்து தொடங்குகிறோம். ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள், போன் பைக்குள் இருக்கட்டும். ராகம் சொல்லிக்கொடுக்க அந்தத் தாயாரைக் கேட்டிருக்கிறேன். "எனக்கு என்ன தெரியும் ஐயா" என்றார்கள். அவர்களை அழைத்துவர யாராவது ஒரு தம்பி பைக் எடுத்துக்கொண்டு போங்கள்.