கேட்கப்படாத பிள்ளைகள்

1968இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று தகப்பன்மார், எட்டாம் வகுப்பு முடித்த தங்கள் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். 16 வயதுவரை பள்ளியில் படிக்கவேண்டும் என்பது அங்கே அன்றைய சட்டம். ஆளுக்கு 5 டாலர் அபராதம் விழுந்தது. வழக்காடுவது ஆமிஷ் மக்களின் சமய நெறிக்கு ஒவ்வாது. அதனால் லூத்தரன் போதகர் ஒருவர் முன்னின்று அமைத்த குழுதான் அவர்களுக்காக வழக்கறிஞரை ஏற்பாடு செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆமிஷ் பள்ளி பெரும்பாலும் ஒரே அறை. எட்டு வகுப்புகளும் அதற்குள்ளேயே நடக்கும். ஆசிரியை பெரும்பாலும் மணமாகாத இளம்பெண்ணாக இருப்பார்; அவரும் எட்டாவதுவரை படித்தவர்தான். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன், பாடம் ஆங்கிலத்தில். சின்னவனின் கணக்கைப் பெரிய வகுப்புப் பெண் திருத்துவாள். மற்றவரை முந்துவது அங்கே பெருமையல்ல. அதன்பின் பண்ணை, தச்சுப் பட்டறை, அடுக்களை. வேலையில்லாமல் அலையும் இளைஞர்களை இந்த ஏற்பாடு உண்டாக்கவில்லை என்பதை நீதிபதிகளும் கவனித்தார்கள்.

தொலைபேசியை வீட்டுக்குள் விடாமல் வயலோரக் கொட்டகையில் வைத்திருக்கும் ஆமிஷ் கட்டுப்பாட்டை வியந்து, அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். கருவிக்கு எல்லை வகுப்பது எனக்கும் உவப்பானதே. ஆனால் பிள்ளையின் படிப்பு கருவி அல்ல.

அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஓரளவு மாறுபட்டார். பியானோ கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ ஆக விரும்பும் பிள்ளையின் கருத்தை யார் கேட்டது என்பது அவர் கேள்வி. வழக்கில் இருந்த மூன்று தகப்பன்மாரின் பிள்ளைகளில் ஒரு சிறுமி மட்டுமே தன் நம்பிக்கை பற்றிச் சாட்சி சொல்லியிருந்தாள்.

இந்தக் கேள்வி ஆமிஷ் மரபுக்கு அந்நியமானதல்ல. பச்சிளங்குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து ஏற்பவருக்கே அது உரியது என்று சொன்னதற்காகத்தான் 16ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய முன்னோடிகள் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்கள். இன்றும் ஞானஸ்நானத்துக்கு முன்பே விலகிப்போகிறவரைச் சபை ஒதுக்கிவைப்பதில்லை. வாசல் திறந்தேதான் இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்போடு அதைத் தாண்டுகிறவர், கல்லூரியை நினைப்பதற்கே முதலில் உயர்நிலைப் பள்ளிக்கு ஈடான தேர்வு எழுதவேண்டும்.

பதினான்கு வயதில் கேட்டாலும் வீடு சொல்லித்தந்த விடைதானே வரும் என்பார்கள். வரலாம். இருபது வயதில் ஞானஸ்நானத்துக்கு நிற்பவரின் விடையும் அதே வீடு வளர்த்ததுதான். ஆனாலும் அவரைக் கேட்காமல் அவர் தலையில் பிஷப் நீர் வார்ப்பதில்லை.