‘எல்லாம் நன்மைக்கே’ என்று யார் சொல்லலாம்?

கையில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை. நோயாளியின் கை சிறு மேசை ஒன்றின்மேல் நீட்டிவைக்கப்பட்டிருக்கும். மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தசைநாணைப் பிரித்து, இடம்மாற்றித் தைப்பார். 1950களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தச் சின்ன நடைமுறை ஓர் இளம் பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூரில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு அவர் போன வண்டி சாலையில் உருண்டது. தண்டுவடம் சேதமடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. முகத்திலும் ஆழமான காயம். தொழிலில் கால் வைத்த வேகத்திலேயே எல்லாம் முடிந்துபோனதாகத் தோன்றியிருக்க வேண்டும். அப்போது அறுவை மருத்துவர் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார்: தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் வேலையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே.

மேரி செய்தார். நோயால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, சக்கர நாற்காலியில் வந்த ஒரு டாக்டர் விரல்களை நிமிர்த்திக் கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அவரே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் அந்தத் துறையையே படித்தார். வேலூர் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல், தண்டுவடக் காயம்பட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் அங்கே தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார்.

இந்தக் கதை சபைகளில் சாட்சியாகச் சொல்லப்படும்போது பெரும்பாலும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். விபத்து, கண்ணீர், ஜெபம், பத்மஸ்ரீ. கர்த்தர் ஒரு கதவை அடைத்தார், இன்னொன்றைத் திறந்தார் என்று பிரசங்கியார் சொல்ல, கூட்டம் ‘ஆமென்’ என்னும். விபத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே கிடக்கிற பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே வராது. தண்டுவடம் சேதமானவருக்கு அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பது வார்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். படுக்கைப் புண் வராமல் மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று விடாமல் துரத்தும். கால் செய்த வேலையையும் தோளும் கையும் சேர்த்துச் சுமக்கப் பழக வேண்டும். தேவன் மனிதரை உருவாக்குகிறார் என்றால், அந்த உருவாக்கத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது: பிசியோதெரபி மேசையில், செவிலியர் கையில், ‘இதைச் செய்து பாரேன்’ என்று ஒரு மூத்த டாக்டர் சொன்ன வார்த்தையில். பவுல் ரோமருக்கு எழுதும்போதும் உபத்திரவத்திலிருந்து நேராக நம்பிக்கைக்குத் தாவிவிடவில்லை. இடையில் பொறுமையை வைக்கிறார், சோதித்துத் தேறிய குணத்தை வைக்கிறார். இரண்டுமே காலம் பிடிக்கிறவை.

யோசனை சொன்ன பிராண்டுக்கும் துன்பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் மருத்துவராக வேலூருக்கு வந்தவர் அவர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்க வரவில்லை. தொழுநோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சுலபமாகத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. அவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். வலி உணர்வு செத்துப்போவதால் நாளுக்கு நாள் படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதை பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் நிறுவினார்கள். வலி உடலுக்குக் கிடைத்த கொடை என்று பின்னாளில் எழுதவும் செய்தார்.

இதைப் பிடித்துக்கொண்டு துன்பமெல்லாம் தேவன் அனுப்பும் பரிசு என்று பேசுகிறவர்கள் உண்டு. அது அவசரம். வலி உணர்வு இருப்பது நன்மை என்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட விபத்து நன்மை என்பது வேறு. வலியைக் கொடை என்று சொன்ன அதே மனிதர் வாழ்நாள் முழுவதும் காயத்தை ஆற்றுவதையே தொழிலாக வைத்திருந்தார்.

குயவன் உவமையும் இப்படித்தான் அவசரமாகக் கையாளப்படுகிறது. எரேமியா குயவன் வீட்டுக்குப் போகிறார். கையிலிருந்த களிமண் கெட்டுப்போக, குயவன் அதையே வேறு பாத்திரமாக வனைகிறான். அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், களிமண் இஸ்ரவேல் என்கிற ஜனம். ஒரு நாடு தன் வழியைத் திருத்திக்கொண்டால் அதன் கதி மாறும் என்பது அங்கே பேச்சு. தனி மனிதரின் புற்றுநோய்க்கோ கடனுக்கோ விளக்கம் சொல்ல எரேமியா அங்கே போகவில்லை. விசுவாசி தன் நிலைமைக்கு அந்த உவமையை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, அது காலங்காலமாக நடப்பதுதான். அடுத்த வீட்டுக்காரரின் நிலைமைமேல் அதை வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல்.

யோபுவின் நண்பர்கள் அந்தத் தப்பைத்தான் செய்தார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. வாயைத் திறந்ததும் காரணம் கற்பித்தார்கள். சாவு வீட்டுத் திண்ணையில் இன்றும் ஒலிக்கிற வாதங்கள்தான். முடிவில் கர்த்தர் கோபப்பட்டது கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, தமக்காக வாதாடிய இந்த நண்பர்களிடம்.

எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் காரணம் சொல்பவர் பக்கமும் கேள்வி கேட்பவர் பக்கமும் நின்றவர். துன்பத்தைக் குறித்து 1940இல் அவர் எழுதிய நூல் வாதங்களால் கட்டப்பட்டது. 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு புனைபெயரில் வந்த சிறு நூலில் அதே லூயிஸ் தேவனோடு மல்லுக்கு நிற்கிறார். முதல் நூல் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டாவதைத்தான் கொடுக்கலாம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தண்டுவடம் ஒடிந்த எல்லோரும் மேரி வர்கீஸ் ஆவதில்லை. பிராண்டின் தகப்பனார் ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் கொல்லிமலையிலேயே இறந்தார். அவரை அந்தக் காய்ச்சல் எதற்கு உருவாக்கியது? மனைவி எவ்லின் மலைப்பணிக்குத் திரும்பினார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைப்பணியை விடாமல், 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை உழைத்தார். அவருடைய உறுதியைக் காட்டி ஜெஸ்ஸியின் சாவுக்குக் கணக்கு நேர் செய்துவிட முடியாது.

கிறிஸ்தவ வேதமும் அப்படி நேர் செய்வதில்லை. கெத்செமனேயில் இயேசு பாத்திரம் நீங்கும்படி கேட்டார், நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டினார். கிடைத்தது கிருபை போதும் என்ற பதில் மட்டுமே. அந்த முள் என்ன நோய் என்பதைப் பவுல் எங்கும் சொல்லவில்லை. அது பிறகாவது நீங்கியது என்றும் அவர் எழுதவில்லை. அந்தப் பதிலோடு வேலையைத் தொடர்ந்தார்.